மேல்நிலைக் கிரேன் இயக்கப் பாதுகாப்புப் பயிற்சி

மேல்நிலைக் கிரேன் இயக்கப் பாதுகாப்புப் பயிற்சி என்பது, தொழிற்கூடங்களில் கூரைக்குக் கீழே தண்டவாளத்தின்மேல் ஓடும் கிரேன்களையும், சுமைகளை ஏற்றி இறக்கும் ஹாய்ஸ்டுகளையும் ஆபத்தின்றி இயக்குவதற்காகத் தொழிலாளர்களுக்கு அளிக்கப்படும் பயிற்சி ஆகும். கிரேனைத் தமிழில் பாரந்தூக்கி, பளுதூக்கி என்றும் அழைப்பர். தொழிற்கூடங்களில் கிரேன் என்ற சொல்லே வழக்கில் இருப்பதால் இக்கட்டுரையிலும் அச்சொல்லே பயன்படுத்தப்படுகிறது.

கிரேனை நகர்த்தும் பொத்தான்களைச் சில மணி நேரத்தில் பழகிக்கொள்ளலாம். ஒரு சுமையின் எடை என்ன, அதைக் கட்டியிருக்கும் சிலிங் தாங்குமா, செல்லும் பாதையில் ஆட்கள் இருக்கிறார்களா என்று தீர்மானிக்கவும், ஐயம் இருந்தால் தூக்க மறுக்கவும் கற்றுக்கொள்வதே இப்பயிற்சியின் கடினமான பகுதி. கிரேன் விபத்துகளில் பெரும்பாலும் பாதிக்கப்படுபவர் சுமைக்கு அருகில் நிற்கும் மற்றொரு தொழிலாளி என்பதால், இயக்குபவரின் திறமை பிறரின் உயிரோடு தொடர்புடையதாகிறது.

கிரேன்களும் அவற்றின் பகுதிகளும்

தொழிற்கூடங்களில் பரவலாகக் காணப்படுவது மின்சாரத்தால் இயங்கும் மேல்நிலைப் பயணக் கிரேன் ஆகும். இதை இ.ஓ.டி. கிரேன் என்பர். கட்டடத்தின் இரு பக்கங்களிலும் உயரத்தில் தண்டவாளங்கள் அமைந்திருக்கும். அவற்றின்மேல் ஒரு பாலம் போன்ற உத்தரம் நீளவாக்கில் ஓடும். உத்தரத்தின்மேல் டிராலி குறுக்குவாக்கில் ஓடும். டிராலியில் பொருத்தப்பட்ட ஹாய்ஸ்ட், கம்பி வடத்தை உருளையில் சுற்றியும் தளர்த்தியும் கொக்கியை ஏற்றி இறக்கும். இந்த மூன்று அசைவுகளையும் தொழிலாளர்கள் முறையே லாங் டிராவல், கிராஸ் டிராவல், ஹாய்ஸ்ட் என்று குறிப்பிடுவர்.

இவை தவிர, தூணில் பொருத்தப்பட்டுக் கை போலச் சுழலும் ஜிப் கிரேன், ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடும் மோனோரயில் ஹாய்ஸ்ட், கையால் சங்கிலியை இழுத்து இயக்கும் செயின் பிளாக் ஆகியவையும் உள்ளன. அரை டன் தூக்கும் செயின் பிளாக்கானாலும் நூறு டன் தூக்கும் கிரேனானாலும் பயிற்சியின் அடிப்படை ஒன்றே.

இயக்கும் முறை மாறியதும் அதன் விளைவும்

முன்பு பெரிய கிரேன்களில் உத்தரத்தோடு இணைந்த ஓட்டுநர் அறை இருந்தது. ஏணியில் ஏறி அந்த அறைக்குச் செல்பவர் கிரேன் ஓட்டுநர் என்று தனியாக அடையாளம் காணப்பட்டார். எஃகு ஆலைகளிலும் பெரிய வார்ப்பகங்களிலும் இம்முறை இன்றும் உண்டு. பிற இடங்களில் தரையிலிருந்தே இயக்கும் முறை பரவிவிட்டது. கிரேனிலிருந்து தொங்கும் பொத்தான் பெட்டியான பென்டன்ட் அல்லது கையடக்க ரிமோட் மூலம் கிரேனை இயக்குகின்றனர்.

தரையில் நின்று இயக்குபவர் சுமையை அருகிலிருந்து பார்க்க முடியும் என்பது இம்முறையின் நன்மை. ஆனால், பென்டன்ட் எல்லோருக்கும் எட்டும் இடத்தில் தொங்குவதால் யார் வேண்டுமானாலும் கிரேனை இயக்கலாம் என்ற நிலையும் உருவானது. இயந்திரத்தில் வேலை செய்பவர், பற்றவைப்பவர், பொருள்களைக் கொண்டுசெல்பவர் என அனைவரும் தத்தம் தேவைக்கு அதை எடுத்துப் பயன்படுத்துகின்றனர். தனி ஓட்டுநர் இல்லாததால் தனிப் பயிற்சியும் தேவையில்லை என்ற எண்ணம் ஏற்படுகிறது. உண்மையில் தரையில் இருந்து இயக்குபவருக்கு ஓட்டுநரின் வேலையோடு, சுமையைக் கட்டுபவரின் வேலையும் சைகை காட்டுபவரின் வேலையும் சேர்ந்துவிடுகின்றன. மேலும், அவர் சுமையைப் பார்த்தபடியே நடக்க வேண்டியிருப்பதால் தரையில் கிடக்கும் பொருள்களில் தடுக்கி விழவும், சுமைக்கும் சுவருக்கும் இடையில் சிக்கவும் வாய்ப்பு உண்டு. ஆகவே அவருக்குத் தேவைப்படும் பயிற்சி கூடுகிறதே தவிரக் குறைவதில்லை.

சட்ட ஏற்பாடுகள்

இந்தியாவில் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தூக்கு இயந்திரங்கள் குறித்த அடிப்படை விதிகளை வகுத்தது. அதன் 29ஆம் பிரிவின் முக்கியக் கூறுகள் வருமாறு:

- தூக்கு இயந்திரம், சங்கிலி, வடம், தூக்கு கருவிகள் அனைத்தையும் தகுதி பெற்ற ஒருவர் 12 மாதங்களுக்கு ஒருமுறையேனும் முழுமையாகச் சோதித்துப் பதிவேட்டில் குறிக்க வேண்டும்.
- சோதனைக்காக அன்றி, குறிக்கப்பட்ட பாதுகாப்புப் பணிச்சுமைக்கு மேல் எதையும் ஏற்றக்கூடாது. அந்த அளவு இயந்திரத்தின்மேல் தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும்.
- கிரேன் ஓடும் தண்டவாளத்தின்மேலோ அருகிலோ, கிரேன் மோதக்கூடிய இடத்தில் எவரேனும் வேலை செய்தால், அவ்விடத்துக்கு 6 மீட்டருக்குள் கிரேன் வராதபடி ஏற்பாடு செய்ய வேண்டும்.

1987ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 7ஏ பிரிவு, தொழிலாளர்களின் பாதுகாப்புக்குத் தேவையான தகவல், பயிற்சி, மேற்பார்வை ஆகியவற்றை வழங்குவது தொழிற்சாலை உரிமையாளரின் கடமை என்றது. அதே திருத்தத்தில் சேர்ந்த 111ஏ பிரிவு, பாதுகாப்புப் பயிற்சி பெறுவதைத் தொழிலாளரின் உரிமையாகவே குறிப்பிட்டது. 2020இல் இயற்றப்பட்ட தொழில்சார் பாதுகாப்பு, உடல்நலம், பணிச்சூழல் சட்டத்தொகுப்பு, தொழிற்சாலைகள் சட்டம் உள்ளிட்ட 13 சட்டங்களை ஒன்றிணைக்கிறது.

பன்னாட்டு அளவில், கிரேன் இயக்குநர் பயிற்சிக்கான குறைந்தபட்சக் கூறுகளை ஐ.எஸ்.ஓ. 9926 என்னும் தரநிலை எடுத்துரைக்கிறது. ஓட்டுநர், சுமை கட்டுபவர், சைகையாளர் ஆகியோருக்கு வேண்டிய தகுதிகளை ஐ.எஸ்.ஓ. 15513 வரையறுக்கிறது.

ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் சோதனை அன்றைய நிலையை மட்டுமே காட்டும். மறுநாள் ஒரு கம்பி வடம் நசுங்கினால் அதை முதலில் காணக்கூடியவர் கிரேனை இயக்குபவரே. எனவே சட்டம் கூறும் சோதனையும் இயக்குபவரின் அன்றாடக் கவனிப்பும் ஒன்றையொன்று நிறைவு செய்கின்றன.

பயிற்சியின் முதன்மைப் பாடங்கள்

எடையை அறிதல்

சுமையின் எடை தெரியாமல் தூக்கக்கூடாது என்பது முதல் விதி. எடை, பொருளின்மேலோ வரைபடத்திலோ அனுப்புச் சீட்டிலோ குறிக்கப்பட்டிருக்கலாம். இல்லையெனில் கணக்கிட வேண்டும். எஃகின் அடர்த்தி கன மீட்டருக்கு ஏறத்தாழ 7850 கிலோகிராம். இதிலிருந்து தொழிற்கூடத்துக்கு ஏற்ற எளிய விதி ஒன்று கிடைக்கிறது: ஒரு சதுர மீட்டர் எஃகுத் தகடு, ஒவ்வொரு மில்லிமீட்டர் தடிமனுக்கும் 7.85 கிலோ எடை இருக்கும்.

எடுத்துக்காட்டாக, 6 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம், 25 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட தகட்டின் பரப்பு 9 சதுர மீட்டர். அதன் எடை 9 × 25 × 7.85, அதாவது சுமார் 1766 கிலோ. 2 டன் கிரேனில் இத்தகைய தகடு ஒன்றைத் தூக்கலாம். நேரத்தை மிச்சப்படுத்த இரண்டைச் சேர்த்துத் தூக்கினால் சுமை மூன்றரை டன்னைத் தாண்டிவிடும். உருண்டைக் கம்பிகளுக்கு, விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து அதன் வர்க்கத்தை 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் நீளத்தின் எடை கிலோவில் கிடைக்கும். 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள கம்பி மீட்டருக்கு ஏறத்தாழ 61.7 கிலோ.

சிலிங், ஷாக்கிள், தூக்கு உத்தரம் ஆகியவற்றின் எடையையும் சுமையோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும். தரையோடு போல்ட்டால் பிணைக்கப்பட்ட இயந்திரம், அச்சில் இறுகிய வார்ப்பு, மற்றொரு பொருளின் அடியில் சிக்கிய தகடு ஆகியவற்றை இழுக்கும்போது கிரேன் உணரும் விசை, அப்பொருளின் எடையைவிடப் பல மடங்கு கூடலாம். சிக்கியது திடீரென விடுபடும்போது சுமை துள்ளி வீசும். சிக்கிய பொருளைப் பிடுங்குவதற்குக் கிரேனைப் பயன்படுத்தக்கூடாது என்பது இதனால்தான்.

சிலிங் கோணம்

புதிதாகக் கற்பவர்களுக்கு வியப்பளிக்கும் பாடம் இது. 2000 கிலோ எடையை இரண்டு கால்கள் கொண்ட சிலிங்கால் தூக்கினால் ஒவ்வொரு காலும் 1000 கிலோ தாங்கும் என்று பலர் எண்ணுவர். இரு கால்களும் செங்குத்தாக இருந்தால் மட்டுமே அது சரி. கால்கள் விரிய விரிய ஒவ்வொன்றின்மீதும் விழும் இழுவிசை கூடும்:

- கால்களுக்கு இடையே கோணம் 0 பாகை: ஒவ்வொரு காலிலும் 1000 கிலோ
- 60 பாகை: ஏறத்தாழ 1155 கிலோ
- 90 பாகை: ஏறத்தாழ 1414 கிலோ
- 120 பாகை: 2000 கிலோ

120 பாகையில் ஒவ்வொரு காலும் முழு எடையையும் தாங்குகிறது. இரண்டு கால்கள் இருந்தும் பயனில்லை. அதற்கு மேலும் விரிந்தால் இழுவிசை முழு எடையையும் மிஞ்சும். கயிற்றைத் தளர்வாகக் கட்டி நடுவில் பிடித்துத் தூக்கினால் துணி உலர்த்தும் கொடி எவ்வளவு இறுகுகிறதோ, அதே கணக்குதான் இங்கும். நீளமான சிலிங்கைத் தேர்ந்தெடுத்தால் கோணம் குறையும். கூரை உயரம் போதாதபோது தூக்கு உத்தரம் பயன்படும்.

சிலிங்கின் வகைகளையும் அறிந்திருக்க வேண்டும். ஐரோப்பியத் தரநிலையைப் பின்பற்றும் செயற்கை நாடா சிலிங்குகளில் நிறம் அதன் தாங்குதிறனைக் குறிக்கும்: ஊதா 1 டன், பச்சை 2 டன், மஞ்சள் 3 டன், சாம்பல் 4 டன், சிவப்பு 5 டன். இது நேராகத் தூக்குவதற்கான அளவு. சுமையைச் சுற்றிச் சுருக்குப் போட்டுத் தூக்கும்போது தாங்குதிறன் ஐந்தில் ஒரு பங்கு குறையும். சுமையின் கூர்மையான விளிம்பில் நாடா படும் இடத்தில் பாதுகாப்பு உறை வைக்காவிட்டால், தாங்குதிறன் எவ்வளவு இருந்தாலும் நாடா அறுந்துவிடும். அடையாளச் சீட்டு இல்லாத சிலிங்கைப் பயன்பாட்டிலிருந்து நீக்கிவிட வேண்டும்.

ஈர்ப்பு மையம்

கொக்கி சுமையின் ஈர்ப்பு மையத்துக்கு நேர்மேலே இருக்க வேண்டும். விலகியிருந்தால், சுமை தரையை விட்டு எழுந்தவுடன் மையம் கொக்கிக்குக் கீழே வரும்வரை அது சாய்ந்து நகரும். பம்பும் மோட்டாரும் ஒரே அடித்தளத்தில் பொருத்தப்பட்டிருந்தால் நடுப்பகுதியில் கட்டுவது பெரும்பாலும் தவறாகிவிடும், ஏனெனில் எடை ஒரு பக்கம் கூடுதலாக இருக்கும். சாயும் சுமையைக் கையால் அழுத்தியோ மேலே ஏறி நின்றோ சமன்படுத்தக்கூடாது. இறக்கிவிட்டு மறுபடி கட்டுவதே சரியான முறை.

சுமையின் ஊசலாட்டம்

கிரேனில் தொங்கும் சுமை ஒரு பெரிய ஊசல் ஆகும். ஊசலின் அலைவு நேரம் அதன் எடையைச் சார்ந்ததன்று, தொங்கும் நீளத்தைச் சார்ந்தது. தொங்கும் நீளம் 4 மீட்டர் எனில் ஒருமுறை சென்று திரும்ப ஏறத்தாழ 4 நொடிகள் ஆகும். 9 மீட்டர் எனில் 6 நொடிகள்.

நிமிடத்துக்கு 40 மீட்டர் வேகத்தில் செல்லும் டிராலியைத் திடீரென நிறுத்தினால், 9 மீட்டர் கீழே தொங்கும் சுமை ஏறத்தாழ 64 சென்டிமீட்டர் முன்னோக்கி வீசும். கிரேன் நின்றுவிட்டது என்று நம்பிச் சுமைக்கும் இயந்திரத்துக்கும் நடுவில் நிற்பவரை நசுக்க இந்தத் தூரம் போதும்.

ஊசலாட்டத்தை அடக்க, சுமை முன்னோக்கி வீசும்போது கிரேனையும் அதே திசையில் சிறிது நகர்த்தி, கொக்கி சுமைக்கு நேர்மேலே வரும் கணத்தில் நிறுத்த வேண்டும். இதைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது, கையால் பழக வேண்டும். அதைவிட முக்கியமானது, மெதுவாகத் தொடங்கி மெதுவாக நிறுத்தி, ஊசலாட்டமே ஏற்படாமல் பார்த்துக்கொள்வது.

சுமையைச் சாய்வாக இழுப்பதும் இதே வகையைச் சேர்ந்த தவறாகும். கொக்கி எட்டாத இடத்தில் இருக்கும் பொருளைச் சாய்ந்த வடத்தால் இழுத்தால், பொருள் தரையை விட்டெழும் கணத்தில் வேகமாக வீசும். உருளையின் பள்ளங்களில் இருந்து வடம் நழுவி ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கவும் கூடும்.

வேலை நேரத் தொடக்கச் சோதனை

ஒவ்வொரு பணிமுறையின் தொடக்கத்திலும் இயக்குபவர் செய்ய வேண்டிய சோதனை சில நிமிடங்களே எடுக்கும். கொக்கியின் தாழ் சரியாக மூடுகிறதா, கொக்கி விரிந்தோ முறுக்கியோ உள்ளதா, வடத்தில் நசுங்கல், முடிச்சு, அறுந்த இழைகள் உள்ளனவா, பொத்தான்கள் குறித்த திசையில் இயங்குகின்றனவா, அவசர நிறுத்தப் பொத்தான் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். வடத்தை வெறுங்கையால் தடவிப் பார்க்கக்கூடாது. அறுந்த இழைகள் ஊசிபோல் குத்தும்.

அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதிகள் இதற்குச் சில அளவுகளைத் தருகின்றன. கொக்கியின் வாய் இயல்பான அளவைவிட 15 விழுக்காட்டுக்கு மேல் விரிந்திருந்தாலோ, 10 பாகைக்கு மேல் முறுக்கியிருந்தாலோ அது பழுதானதாகக் கருதப்படும். கொக்கி மிகத் தாழ்ந்த நிலைக்கு வந்தபோதும் உருளையில் குறைந்தது இரண்டு சுற்று வடம் எஞ்சியிருக்க வேண்டும்.

கொக்கி மிக உயரத்துக்குச் சென்று உருளையில் மோதாமல் தடுப்பது மேல் லிமிட் சுவிட்ச் ஆகும். இதைப் பணிமுறைத் தொடக்கத்தில் சுமை இல்லாமல் மெதுவாக உயர்த்திச் சோதிக்க வேண்டும். நாள்தோறும் கொக்கியை நிறுத்துவதற்கே இந்தச் சுவிட்சைப் பயன்படுத்துவது தவறு. ஒருநாள் சுவிட்ச் பழுதாகும்போது, கொக்கித் தொகுதி உருளையில் மோதி, வடம் அறுந்து, சுமையோடு கீழே விழும். கார் நிற்பதற்குச் சுவரில் மோதுவதைப் போன்றதே இப்பழக்கம்.

பிரேக்கைச் சோதிக்கும் முறையும் எளியது. கனமான சுமையைத் தரையிலிருந்து 10 முதல் 15 சென்டிமீட்டர் மட்டும் உயர்த்தி நிறுத்த வேண்டும். சுமை நழுவாமல் நிற்கிறதா, சமநிலையில் உள்ளதா, சிலிங் சரியாக இறுகியுள்ளதா என்பவற்றை அந்த நிலையில் பார்த்துவிட்டே மேலே செல்ல வேண்டும். தவறு இருந்தால், சுமை இவ்வளவு தாழ்வாக இருக்கும்போது தெரிவதே நல்லது.

சைகைகள்

ஓட்டுநருக்குச் சுமை முழுமையாகத் தெரியாதபோது சைகையாளர் ஒருவர் தேவை. கையை உயர்த்தி ஆள்காட்டி விரலை மேல்நோக்கிச் சுழற்றினால் ஏற்று என்றும், கையைத் தாழ்த்தி விரலைக் கீழ்நோக்கிச் சுழற்றினால் இறக்கு என்றும் பொருள். இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, உள்ளங்கை கீழ்நோக்க, வேகமாக அசைத்தால் அது அவசர நிறுத்தம்.

சைகை காட்ட ஒருவருக்கு மட்டுமே உரிமை உண்டு. நிறுத்தும் சைகை மட்டும் இதற்கு விலக்கு. அதை யார் காட்டினாலும், கூடத்தைப் பெருக்குபவர் காட்டினாலும், ஓட்டுநர் உடனே நிறுத்த வேண்டும். சைகையாளர் பார்வையிலிருந்து மறைந்தாலும் நிறுத்த வேண்டும்.

தமிழ்நாட்டின் பல தொழிற்கூடங்களில் தமிழ்த் தொழிலாளர்களோடு பீகார், ஒடிசா, மேற்கு வங்கம் போன்ற மாநிலங்களிலிருந்து வந்தவர்களும் வேலை செய்கின்றனர். இயந்திர ஓசைக்கு நடுவில் கத்திச் சொல்லும் சொற்கள் காதில் விழுவது அரிது. விழுந்தாலும் மொழி புரியாமல் போகலாம். ஆகவே அனைவரும் ஒரே சைகைத் தொகுதியைக் கற்பதும், பயிற்சியை அவரவர் அறிந்த மொழியில் நடத்துவதும் இன்றியமையாதவை. பென்டன்டில் உள்ள திசைக் குறிகளையே கிரேன் உத்தரத்தின்மேலும் பெரிதாக எழுதி வைத்தால், தரையில் திரும்பி நிற்பவருக்கும் இடம் வலம் குழம்பாது.

சுமையின் பாதை

தொங்கும் சுமைக்கு அடியில் எவரும் நிற்கவோ நடக்கவோ கூடாது. ஆட்களின் தலைக்கு மேலாகச் சுமையைக் கொண்டுசெல்லவும் கூடாது. தூக்குவதற்கு முன்பே பாதையை நடந்து பார்த்து, ஆட்களை விலகச் சொல்லி, இறக்கும் இடத்தில் மரக்கட்டைகளை வைத்துத் தயார் செய்ய வேண்டும். நீளமான சுமை சுழலாமல் இருக்க அதன் முனையில் வழிக்கயிறு கட்டி, தள்ளி நின்று பிடிக்க வேண்டும். வடம் இறுகும்போது சிலிங்குக்கும் சுமைக்கும் நடுவில் விரல்கள் சிக்குவது அடிக்கடி நிகழும் விபத்து. எனவே, சுமை கட்டியவர் கையை எடுத்துவிட்டு விலகிய பின்னரே ஹாய்ஸ்ட் பொத்தானை அழுத்த வேண்டும். சுமை தொங்கிக்கொண்டிருக்கும்போது பென்டன்டை விட்டு அகலக்கூடாது.

ஒரு விபத்து கற்பிப்பது

2007 ஏப்ரல் 18 அன்று சீனாவின் லியாவ்னிங் மாகாணத்தில் உள்ள தியேலிங்கில், சிங்ஹே சிறப்பு எஃகு ஆலையில் ஒரு பெரும் விபத்து நிகழ்ந்தது. ஏறத்தாழ 30 டன் உருகிய எஃகைச் சுமந்த கொப்பரையைக் கிரேன் இறக்கிக்கொண்டிருந்தபோது அது கட்டுப்பாட்டை இழந்து கீழே சென்று கவிழ்ந்தது. அருகில் இருந்த அறையில் பணிமாற்றத்துக்காகக் கூடியிருந்த தொழிலாளர்கள்மீது உருகிய எஃகு பாய்ந்தது. 32 பேர் உயிரிழந்தனர்.

உருகிய உலோகத்தைத் தூக்குவதற்கென வடிவமைக்கப்பட்ட கிரேனுக்கு மாறாகப் பொதுப் பயன்பாட்டுக் கிரேன் அங்கே இருந்ததும், மின்கட்டுப்பாட்டில் ஏற்பட்ட பழுதும், பிரேக் சுமையைத் தாங்கி நிறுத்தாததும், ஆட்கள் கூடும் அறை ஆபத்தான இடத்தில் அமைந்திருந்ததும் விசாரணையில் வெளிப்பட்டன. ஒரு பொத்தானை இயக்குபவர் தவறாக அழுத்தியதால் நேர்ந்தது என்று இதைச் சுருக்கிவிட முடியாது. தவறான கிரேனைத் தேர்ந்தெடுத்ததும், அறையை அங்கே அமைத்ததும் நிர்வாகத்தின் முடிவுகள். இயக்குபவருக்குப் பயிற்சி அளிப்பதால் மட்டும் நிர்வாகத்தின் பொறுப்பு நீங்கிவிடாது என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது. சுமை செல்லும் பாதைக்கு அருகில் ஆட்கள் கூடும் இடம் உள்ளதா என்று கேட்கும் பழக்கம் ஓட்டுநர் முதல் மேலாளர் வரை அனைவருக்கும் வேண்டும் என்பதும் இதன் பாடம்.

தூக்க மறுத்தல்

பயிற்சிக் கையேடுகள் பலவற்றில், பாதுகாப்பில் ஐயம் ஏற்பட்டால் ஓட்டுநர் தூக்க மறுக்க வேண்டும் என்ற வரி இடம்பெறும். நடைமுறையில் அதைப் பின்பற்றுவது எளிதன்று. லாரி வாசலில் காத்திருக்கும். பணிமுறை முடிய அரை மணி நேரம் இருக்கும். 5 டன் கிரேனில் ஐந்தரை டன் சுமையை நேற்றும் தூக்கினோம், ஒன்றும் ஆகவில்லை என்று மேற்பார்வையாளர் சொல்வார். ஒப்பந்தத் தொழிலாளிக்கு, மறுத்தால் நாளை வேலை இருக்குமா என்ற அச்சமும் இருக்கும்.

நேற்று ஒன்றும் ஆகவில்லை என்பது இன்றைய பாதுகாப்புக்குச் சான்றாகாது. மிகைச்சுமை ஒவ்வொரு முறையும் வடத்தின் இழைகளையும், கொக்கியையும், பற்றவைத்த இணைப்புகளையும் சிறிது சிறிதாக வலுவிழக்கச் செய்கிறது. குறிக்கப்பட்ட அளவுக்கு மேல் வைத்திருக்கும் வலிமை இதுபோன்ற தேய்மானத்தையும் திடீர் அதிர்ச்சியையும் தாங்குவதற்கு உரியது. கூடுதல் சுமை ஏற்றுவதற்கான இருப்பு என்று அதைக் கருதக்கூடாது.

ஆகவே நல்ல பயிற்சித் திட்டங்களில் மறுப்பதும் ஒரு பயிற்சியாகவே இடம்பெறுகிறது. எடை குறிக்கப்படாத சுமை, சீட்டு இல்லாத சிலிங், பாதையில் நிற்கும் ஆள் என்று வேண்டுமென்றே ஒரு குறையை வைத்து, கற்பவர் அதைக் கண்டு நிறுத்துகிறாரா என்று பார்ப்பர். மறுப்பை எப்படிச் சொல்வது என்பதும் கற்பிக்கப்படும். முடியாது என்று மட்டும் சொல்வதைவிட, இந்த சிலிங் 2 டன்னுக்கு உரியது, சுமை இரண்டரை டன், 3 டன் சிலிங் வந்தால் தூக்கலாம் என்று காரணத்தையும் வழியையும் சேர்த்துச் சொன்னால் அதை எதிர்ப்பது கடினம். மேற்பார்வையாளர்களும் இப்பயிற்சியில் கலந்துகொள்ள வேண்டும். மறுத்தவரைத் தண்டிக்கும் தொழிற்கூடத்தில் அடுத்தவர் வாய் திறக்க மாட்டார்.

பயிற்சி நடைபெறும் முறை

பயிற்சி பொதுவாக நான்கு படிகளில் நடைபெறும். முதலில் பார்வை, கேட்கும் திறன், தூரத்தை மதிப்பிடும் திறன் ஆகியவை மருத்துவரால் சோதிக்கப்படும். அடுத்து வகுப்பறையில் எடைக் கணக்கு, சிலிங் கோணம், சைகைகள், விதிகள் ஆகியவை கற்பிக்கப்படும். மூன்றாவதாகக் களப்பயிற்சி. இதில் முதலில் வெறும் கொக்கியையும், பின் சிறிய சுமையையும் குறிக்கப்பட்ட பாதையில் நகர்த்துவர். நீர் நிரம்பிய பீப்பாயைச் சிந்தாமல் தடைகளைச் சுற்றிக் கொண்டுசென்று, தரையில் வரைந்த வட்டத்துக்குள் இறக்குவது பயனுள்ள பயிற்சி. சிந்திய நீரே மதிப்பெண்ணைக் காட்டிவிடும். இறுதியாக எழுத்து அல்லது வாய்மொழித் தேர்வும் செய்முறைத் தேர்வும் நடத்தி, எந்தக் கிரேனை இயக்கலாம் என்று குறிப்பிட்டு அனுமதி அட்டை வழங்கப்படும்.

பென்டன்ட் கிரேனில் தேர்ந்தவர் ஓட்டுநர் அறை கொண்ட கிரேனையோ உருகிய உலோகக் கிரேனையோ உடனே இயக்கக்கூடாது. ஒவ்வொன்றுக்கும் தனிப் பயிற்சி தேவை. குறிப்பிட்ட கால இடைவெளியிலும், விபத்து அல்லது நூலிழையில் தப்பிய நிகழ்வுக்குப் பின்னரும், புதிய கிரேன் வரும்போதும் மறுபயிற்சி அளிக்க வேண்டும். பென்டன்டைச் சாவியிட்டு, அனுமதி பெற்றவரிடம் மட்டும் சாவியைக் கொடுப்பது பயிற்சி பெறாதவர் இயக்குவதைத் தடுக்கும் எளிய வழி.

தூக்குவதற்கு முன் கேட்க வேண்டியவை

1. சுமையின் எடை எனக்குத் தெரியுமா?
2. கிரேன், சிலிங், ஷாக்கிள் ஆகிய மூன்றும் அந்த எடையைத் தாங்குமா?
3. சிலிங் கால்களுக்கு இடையே உள்ள கோணம் எவ்வளவு?
4. கொக்கி ஈர்ப்பு மையத்துக்கு நேர்மேலே உள்ளதா?
5. சுமை எதனுடனாவது பிணைந்தோ சிக்கியோ உள்ளதா?
6. பாதையிலும் இறக்கும் இடத்திலும் ஆட்கள் விலகிவிட்டார்களா?
7. எனக்குச் சைகை காட்டுபவர் யார், அவர் எனக்குத் தெரிகிறாரா?

இவற்றில் ஒன்றுக்கேனும் விடை தெரியாவிட்டால், விடை கிடைக்கும்வரை சுமை தரையிலேயே இருக்க வேண்டும்.